வயல்நீரும் வெயிலும்

துன்பம் நீங்கியதைச் சொல்லுங்கால் ‘கதிரவனைக் கண்ட பனிபோல’ என்பது தமிழ் வழக்கு. புல்நுனியில் நின்ற பனித்துளி வெயில் ஏறியதும் காணாமற் போகிறது. ஆயினும் அத்துளியிலிருந்த நீர் அழிந்துவிடவில்லை. ஆவியாகிக் காற்றில் கலந்து நிற்கிறது. கண்ணுக்குப் புலனாகாமை வேறு, இல்லாமை வேறு. இவ்வேறுபாடு பனியளவில் நின்றுவிடுமாயின் அதனைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை. வயலிலும் தோட்டத்திலும் தெளிக்கப்படும் நச்சு மருந்துகள் நீரில் கலந்து, வெயிலிற் கிடந்து மறைந்து போகின்றன என்று சொல்லப்படும்போது நிலைமை வேறாகிறது. மறைந்தது அழிந்ததா, அன்றி உருமாறி நிற்கிறதா என்னும் கேள்வி அந்நீரைக் குடிப்பவர் அனைவரையும் பற்றியதாகும்.

நீரில் கலந்த பூச்சிக்கொல்லிகளையும் களைக்கொல்லிகளையும் சிதைக்கும் ஆற்றல் கதிரவன் ஒளிக்கு உண்டு. சில நஞ்சுகளை அது நேரே தாக்குகிறது. வேறு சிலவற்றை, நீரிலுள்ள பிற பொருள்களைத் தூண்டி, அவற்றிலிருந்து பிறக்கும் துடிப்பான துணுக்குகளைக் கொண்டு தாக்குகிறது. இவ்விரு வழிகளும் எவ்வாறு இயங்குகின்றன, இறுதியில் எஞ்சுவது யாது என்பதை அறிதற்கு அமெரிக்க நாட்டு நெல்வயல்களில் நடந்த நிகழ்ச்சியொன்று நல்ல தொடக்கமாகும்.

சாக்ரமென்டோ வயல்கள்

கலிபோர்னியா மாநிலத்தின் நெல் விளைச்சல் பெரும்பாலும் சாக்ரமென்டோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடைபெறுகிறது. அங்கே வயலில் நீரைத் தேக்கி நிறுத்தி, களைகளை அடக்க மோலினேட்டு, தயோபென்கார்பு என்னும் இரு களைக்கொல்லிகளை உழவர்கள் பயன்படுத்தி வந்தனர். வயல்நீர் வடிகால்கள் வழியாக ஆற்றை அடையும். அவ்வாற்று நீரே சாக்ரமென்டோ நகரின் குடிநீர்.

1980-களின் தொடக்கத்தில் வடிகால்களில் கெண்டையின மீன்கள் பெருந்தொகையாக மாண்டு மிதந்தன. மோலினேட்டே அதற்குக் காரணமெனக் கண்டனர். அதே காலத்தில் நகர மக்கள் குடிநீர் கசக்கிறது என முறையிட்டனர். அதற்குக் காரணம் தயோபென்கார்பு. இதில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. நாவிற் பட்ட கசப்பு பெரும்பாலும் தயோபென்கார்பினுடையதன்று. குடிநீர் நிலையத்தில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கப்பட்ட குளோரின், தயோபென்கார்பை அதன் சல்பாக்சைடாக மாற்றியது. அம்மாற்றுப் பொருளே கசந்தது. உடல்நலங் கருதி லிட்டருக்கு 70 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என வரையறுக்கப்பட்ட தயோபென்கார்புக்கு, சுவை கருதி லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்னும் மிகச் சிறிய எல்லையைக் கலிபோர்னியா வகுக்க நேர்ந்தது. நஞ்சு ஒன்று வேறு பெயரில் திரும்பி வரக்கூடும் என்னும் பாடத்தை அந்நகர மக்களின் நாக்கே முதலிற் கற்றது எனலாம்.

இதற்குக் கண்ட தீர்வு மிக எளியது. மருந்திட்ட வயலின் நீரை உடனே வடிக்காமல் வயலிலேயே நிறுத்தி வைக்க வேண்டும் என்று விதித்தனர். முதலில் சில நாள்களாக இருந்த தேக்கக் காலம் படிப்படியாக நீட்டப்பட்டு, மோலினேட்டுக்கு 28 நாள் என்றாயிற்று. ஆற்றில் நஞ்சின் அளவு பெரிதும் குறைந்தது. பின்னர் வேறு காரணங்களால் மோலினேட்டின் பயன்பாடு 2009-ஆம் ஆண்டோடு அமெரிக்காவில் முடிவுற்றது.

தேங்கி நின்ற நீரில் அந்நாள்களில் நிகழ்ந்தது யாது? மோலினேட்டில் பெரும்பங்கு, பனித்துளியைப் போலவே, ஆவியாகிக் காற்றிற் கலந்தது. ஒரு பங்கு மண்ணைப் பற்றியது. ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தின்றன. எஞ்சிய பங்கின்மேல் வெயில் வேலை செய்தது. வயலில் நின்ற நீரை ஆராய்ந்தபோது மோலினேட்டின் சல்பாக்சைடு முதலிய உயிர்வளி ஏறிய பொருள்கள் காணப்பட்டன. டொனால்டு கிராஸ்பி என்னும் வேதியலாரும் அவருடன் உழைத்தோரும் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இவ்வாய்வுகளை நடத்தினர். அவர்கள் முன் நின்ற புதிர் இதுதான்: மோலினேட்டு நிலத்தை எட்டும் கதிரவன் ஒளியை ஏற்பதே இல்லை. ஏற்காத ஒளியால் அது சிதைவது எப்படி?

ஏற்றுக்கொண்ட ஒளியே வேலை செய்யும்

புதிரை அவிழ்க்க முதலில் ஒளி வேதியலின் அடிப்படை விதியை அறிதல் வேண்டும். 1817-இல் குரோத்தூஸ் என்பாரும், 1840-களில் டிரேப்பர் என்பாரும் தனித்தனியே கண்ட உண்மை அது. ஒரு பொருளின்மேல் விழும் ஒளியெல்லாம் அதனை மாற்றிவிடாது. அப்பொருள் ஏற்றுக்கொண்ட ஒளி மட்டுமே மாற்றும். கொடியில் காயும் சாயச்சேலை நாளடைவில் வெளுப்பதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒளியை ஏற்பதனாலேயே சாயத்திற்கு நிறம் உண்டு. அவ்வாறு ஏற்ற ஒளியே பையப்பைய அதனைச் சிதைக்கிறது.

கதிரவனிடமிருந்து புறப்படும் ஒளியில் மிகுந்த ஆற்றலுள்ள புறஊதாக் கதிர்களை வானின் ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. ஏறத்தாழ 290 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள கதிர்கள் நிலத்தை எட்டுவதில்லை. எட்டுகின்ற கதிர்களுக்கும் வலிமை குறைவன்று. 300 நானோமீட்டர் ஒளியின் ஆற்றலைக் கணக்கிட்டால் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 400 கிலோஜூல் வரும். கார்பன் அணுவையும் குளோரின் அணுவையும் பிணைக்கும் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 330 கிலோஜூல் போதும். ஆகவே வாளுக்குக் கூர்மை உண்டு. அது வெட்டும் பொருளின்மேற் பட வேண்டும் என்பதே தேவை. நச்சு மூலக்கூறு 290 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை ஏற்கும் அமைப்புடையதாயின் கதிரவன் அதனை நேரே சிதைக்கலாம். அமைப்பு அவ்வாறில்லையேல் ஒளி அதனை ஊடுருவிப் போய்விடும்.

சாமந்தியினப் பூவொன்றிலிருந்து எடுக்கப்படும் பைரித்திரம் என்னும் பூச்சிக்கொல்லி நேரே சிதைவதற்குச் சிறந்த சான்று. வீட்டுக்குள் அது நன்றாகப் பயன்படும். வெயிலடிக்கும் வயலில் தெளித்தாலோ விரைவில் ஆற்றலிழந்துவிடும். இக்குறையைப் போக்க முயன்ற மைக்கேல் எலியட்டும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், வெயிலைத் தாங்கும் பெர்மெத்திரின் என்னும் செயற்கை மருந்தை 1973-இல் வெளியிட்டனர். உழவர்க்கு அது ஆக்கமாயிற்று. ஆனால் வெயிலில் விரைவில் அழியும் இயல்பு உழவர்க்குக் குறையாகத் தோன்றினும் ஆற்றுக்கு அது நன்மை. நின்று பயன்தரும் மருந்து நின்று தீங்கும் தரவல்லது. பெர்மெத்திரின் மீன்களுக்குக் கொடிய நஞ்சு என்பதை ஈண்டு நினைத்தல் தகும்.

தனி உறுப்பு என்பது யாது?

மோலினேட்டு போன்று ஒளியை ஏற்காத பொருள்கள் சிதைவதற்கு மறைமுக வழி ஒன்று உண்டு. அவ்வழியில் தூதுவராக நிற்பவை தனி உறுப்புகள். ரேடிக்கல் என்னும் பெயராலும் இவை வழங்கும். மூலக்கூறுகளில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைந்து நிற்பது இயல்பு. இணையிழந்த எலெக்ட்ரான் ஒன்றை உடைய துணுக்கே தனி உறுப்பு. இழந்த இணையைப் பெறும் வேட்கையால் அது அண்டையிலுள்ள எந்த மூலக்கூற்றையும் தாக்கும்.

நீரில் தோன்றுபவற்றுள் மிகக் கடுமையானது ஹைடிராக்சில் தனி உறுப்பு. ஓர் உயிர்வளி அணுவும் ஒரு ஹைடிரஜன் அணுவும் சேர்ந்த சிறு துணுக்கு அது. நீர் மூலக்கூற்றில் ஒரு ஹைடிரஜன் குறைந்த வடிவம் எனலாம். குறைந்த ஹைடிரஜனை எதிர்ப்படும் மூலக்கூற்றிலிருந்து பறித்துக்கொண்டு தான் நீராகிவிடும். அன்றி, அம்மூலக்கூற்றின் இரட்டைப் பிணைப்பிலோ வளையத்திலோ தானே ஒட்டிக்கொள்ளும். எவ்வாறாயினும் தாக்குண்ட மூலக்கூறு நிலைகுலைந்து, நீரிற் கரைந்துள்ள உயிர்வளியோடு கூடி, படிப்படியாக உடைகிறது.

இத்தனி உறுப்பு எங்கிருந்து பிறக்கிறது? உரம் கலந்த நீரில் நைட்ரேட்டு உண்டு. நைட்ரேட்டு புறஊதா ஒளியை ஏற்று உடையும்போது ஹைடிராக்சில் பிறக்கிறது. வெயிற்பட்ட இயற்கை நீரில் ஹைடிரஜன் பெராக்சைடு சிறிதளவு எப்போதும் உண்டாகிக்கொண்டிருக்கும். அது இரும்பு உப்புகளோடு கூடினும் ஹைடிராக்சில் தோன்றும். அழுகிய இலை தழைகளிலிருந்து நீருக்குப் பழுப்பு நிறம் தரும் கரிமப் பொருள்களும் ஒளியை ஏற்று இதனை விளைவிக்கின்றன. வெயிற்பட்ட இயற்கை நீரில் இத்தகைய தனி உறுப்புகள் உண்டு என்பதற்குத் தியோடர் மில்லும் அவருடைய குழுவினரும் 1980-இல் ஆய்வுச் சான்று காட்டினர்.

ஆறு கோடிப் படை

ஹைடிராக்சில் இவ்வளவு கடுமையானதாயின் ஆற்றிலுள்ள நஞ்செல்லாம் ஒரு பகலில் அழிந்துவிட வேண்டாவா? அழிவதில்லை. காரணத்தை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். மேல்வகுப்பு மாணவர்க்கும் இது விளங்கும்.

நல்ல வெயிலில் தெளிந்த ஆற்றுநீர் ஒரு லிட்டரில் எந்தக் கணத்திலும் இருக்கும் ஹைடிராக்சில் துணுக்குகள் ஏறத்தாழ 6 கோடி எனக் கொள்வோம். இயற்கை நீர்களில் காணப்படும் அளவுகளுள் இஃது ஒரு நடுத்தர அளவு. 6 கோடி என்பது பெருந்தொகையாகத் தோன்றும். ஆனால் அந்த லிட்டரில் 1 மைக்ரோகிராம் மோலினேட்டு இருந்தால், அதன் மூலக்கூறுகள் 32 கோடி கோடி ஆகும். அஃதாவது ஒரு துணுக்குக்கு 5 கோடிக்கும் மேற்பட்ட நச்சு மூலக்கூறுகள். மேலும், ஒவ்வொரு துணுக்கும் வாழும் காலம் ஒரு நொடியின் இலட்சத்தில் ஒரு பங்கு அளவே. நஞ்சை நாடிச் செல்லுமுன் நீரிலுள்ள வேறு பொருளொன்று அதனைப் பிடித்துவிடுகிறது. ஆயினும் படை அழிந்தவுடனே கதிரவன் புதிய படையை எழுப்புகிறான். இவ்வாறு ஓயாது நிகழும் போரில் நஞ்சு சிறிது சிறிதாகக் குறைகிறது.

ஹைடிராக்சில் ஒரு நச்சு மூலக்கூற்றோடு வினைபுரியும் வேகம் ஆய்வுக்கூடங்களில் அளக்கப்பட்டுள்ளது. அவ்வளவைகளிலிருந்து கணக்கிட்டால், மேற்கூறிய படையளவு ஓயாது இருக்குமாயின் நஞ்சு பாதியாகக் குறைய ஏறத்தாழ 16 நாள் ஆகும். ஆனால் இரவில் வெயில் இல்லை. நாளொன்றுக்கு 8 மணிநேரம் நல்ல வெயில் என்று கொண்டால் 48 நாள் ஆகிவிடும். நைட்ரேட்டு மிகுந்து படை பத்து மடங்கு பெருகிய நீரிலோ 5 நாளில் பாதி குறையும். ஒரே நஞ்சு, ஒரே கதிரவன். நீர் மாறினால் காலம் மாறுகிறது. ஆதலின் ‘இம்மருந்து இத்தனை நாளில் அழிந்துவிடும்’ என்று மருந்துப் புட்டியைக் காட்டிப் பொதுவாகக் கூறுவது பொருந்தாது. எந்த நீரில் என்னும் கேள்வியை உடன் கேட்டாக வேண்டும்.

கடுமை குறைந்த துணைவர்

ஹைடிராக்சிலைப் பிடித்துக்கொள்ளும் பொருள்களுள் பைகார்பனேட்டு ஒன்று. சுண்ணாம்பு நிலத்து நீரில் அது மிகுதி. பிடித்த பைகார்பனேட்டு தானும் கார்பனேட்டுத் தனி உறுப்பாக மாறுகிறது. இது ஹைடிராக்சிலைப்போலக் கண்டதையெல்லாம் தாக்காது. தனக்கு இசைந்தவற்றையே தேடித் தாக்கும். கந்தகம் கொண்ட சில மூலக்கூறுகளும் அனிலீன் இனத்தனவும் அதற்கு எளிதில் இரையாகும். வேகம் குறைந்ததாயினும் நீண்ட நேரம் வாழ்வதால் நீரில் இதன் தொகை ஹைடிராக்சிலைவிட மிகும்.

பழுப்பு நிறக் கரிமப் பொருள்கள் ஒளியை ஏற்றுக் கிளர்ச்சியுற்ற நிலையை அடைந்து, தாமே சில நஞ்சுகளைத் தாக்குகின்றன. அன்றி அவ்வாற்றலை நீரிற் கரைந்த உயிர்வளிக்கு மாற்றி, அதனைத் துடிப்பு மிக்க உயிர்வளியாக்குகின்றன. ரிச்சர்டு செப் என்பாரும் உடனாய்வாளரும் 1977-இல் இயற்கை நீரில் இதனை மெய்ப்பித்தனர். மோலினேட்டின் புதிர் இவ்வாறு அவிழ்கிறது. கதிரவன் ஒளியை ஏற்றது மோலினேட்டன்று; அதனைச் சூழ்ந்திருந்த நீரின் பிற பொருள்களே ஏற்றன. அவை பெற்ற ஆற்றலே மோலினேட்டின் கந்தகத்தில் உயிர்வளியை ஏற்றியது.

கறுப்பு நீரின் இருமுகம்

அவ்வாறாயின் நீர் எவ்வளவு பழுப்போ அவ்வளவு விரைவில் நஞ்சு அழியும் எனக் கருதுதல் தவறாகும். பழுப்புப் பொருளே தனி உறுப்புகளைப் பெறும் தாய். அதுவே அவற்றை விழுங்கும் பகை. மேலும் அது ஒளியை மேற்பரப்பிலேயே உறிஞ்சிவிடுவதால் அடிநீர் இருளில் கிடக்கும். நான்கு விரற்கடை ஆழத்து வயல்நீர் வேறு. நாலாள் ஆழத்து ஆறு வேறு. சேறு கலங்கிய நீரிலும் நிலை இதுவே.

இதனை எண்ணிப் பார்க்க மலேசிய நாட்டிலேயே இடமுண்டு. சிலாங்கூரின் வடபகுதியில் பரந்த கரிச்சதுப்புக் காடு ஒன்று உளது. பெர்ணம் ஆற்றிலிருந்து திருப்பப்படும் நீர் அக்காட்டின் வழியாகச் சென்று, தெங்கி ஆற்றோடு சேர்ந்து, தஞ்சோங் காராங், செகிஞ்சான் வட்டாரத்து நெல்வயல்களுக்குப் பாய்கிறது. சதுப்புக் காட்டில் ஊறிய நீர் தேநீர் நிறம் கொண்டது. நிலநடுக்கோட்டை அடுத்த நாடாதலின் ஆண்டு முழுவதும் கதிரவன் உச்சியில் நிற்கிறான். ஆனால் மழைமுகில்கள் அடிக்கடி மறைக்கின்றன, நீரோ நிறமுடையது. ஆகவே கலிபோர்னியாவின் வறண்ட கோடையில், தெளிந்த வயல்நீரில் கண்ட நாட்கணக்கை அப்படியே இவ்வயல்களுக்கு எடுத்தாளல் இயலாது. விதிகள் எங்கும் ஒன்றே. விடை நிலத்துக்கு நிலம் வேறுபடும்.

வெயில் எட்டாத ஒளிவிடம் மற்றொன்றும் உண்டு, அது களிமண். தோட்டங்களில் நெடுங்காலம் பயன்பட்ட பாராகுவாட்டு என்னும் களைக்கொல்லி நீரிலும் மண்ணிலும் களிமண் துகளை இறுகப் பற்றிக்கொள்கிறது. பற்றியபின் அது பெரும்பாலும் செயலற்று இருக்கும், எனினும் அழிந்ததன்று, மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். மலேசியத் தோட்டங்களில் பம்பை முதுகிற் சுமந்து மருந்தடித்தவர்களில் தமிழ்ப் பெண்கள் பலர். ‘மருந்து’ என்ற பெயரால் அவர்கள் கையாண்டது, ஒரு வாய் விழுங்கினும் உயிர் போக்கத்தக்க நஞ்சு. 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி மலேசியாவில் அது தடைசெய்யப்பட்டது.

மாறிய நஞ்சு

இதுகாறும் கூறியவற்றில் நஞ்சு ‘குறைகிறது’ என்றே சொல்லப்பட்டது. ஆய்வாளர் அளப்பது பெரும்பாலும் தாய்ப்பொருளை. தாய்ப்பொருள் குறைந்தவிடத்துப் பிறந்த சேய்ப்பொருள் எத்தகையது என்பதே இறுதிக் கேள்வி.

பல வேளைகளில் சேய் தீங்கற்றது. அல்லது தீங்கு குறைந்தது. எப்போதும் அவ்வாறன்று. பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி வெயிலிலும் காற்றிலும் உயிர்வளி ஏறிப் பாராக்சான் ஆகிறது. பூச்சியின் உடலுக்குள் சென்றபின் பாரத்தியான் மாற வேண்டிய கொடிய வடிவமே அது. டீல்டிரின் என்னும் பழைய நஞ்சு வெயிலில் போட்டோடீல்டிரினாக மாறும். பல உயிர்களுக்குச் சேய் தாயினும் கொடியது.

அண்மைக்காலச் சான்று லூயிசியானா மாநிலத்தினது. அங்கே நெல்லும் கிராஃபிஷ் என்னும் நன்னீர் இறாலினமும் ஒரே நிலத்தில் மாறிமாறி வளர்க்கப்படுகின்றன. 1999-இல் விதைநெல்லில் ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லியை ஏற்றி விதைக்கும் முறை அங்கே வந்தது. அதன்பின் தங்கள் குளங்களில் இறால் மாண்டதென வளர்ப்போர் முறையிட்டு வழக்கிட்டனர். வழக்கு 2004-இல் இணக்கத்தில் முடிந்தது.

ஃபிப்ரோனில் கதிரவன் ஒளியை நேரே ஏற்பது. வெயிற்பட்ட நீரில் சில மணிநேரத்திலேயே பாதியாகிவிடும். தாய்ப்பொருளை மட்டும் அளப்பவர் இதனை ‘விரைவில் அழியும் மருந்து’ என்றே எழுதுவர். ஆனால் டொமினிக் ஹைன்சல், ஜான் கசிடா ஆகியோர் பெர்க்லி நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து 1996-இலேயே ஓர் உண்மையை வெளியிட்டிருந்தனர். வெயிலில் ஃபிப்ரோனில் தன் கந்தகத்தை இழந்து டெசல்ஃபினில் என்னும் சேய்ப்பொருளாகிறது; அச்சேய் நரம்பைத் தாக்கும் நச்சாற்றலைச் சற்றும் இழக்கவில்லை என்பதே அவ்வுண்மை. அஃதன்றி, தாயைவிடச் சேய் நெடுநாள் நிற்கக்கூடியது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் 2000-ஆம் ஆண்டில் மெர்மென்டோ ஆற்றுப் படுகையில் ஆராய்ந்தபோது, ஆற்றடி வண்டலில் ஃபிப்ரோனிலின் சிதைபொருள்கள் திரண்டிருக்கக் கண்டனர். வெயில் தன் வேலையைச் செய்தது. ஆனால் அவ்வேலை நஞ்சின் பெயரை மாற்றியதோடு நின்றுவிட்டது.

வெயிலை ஏவல் கொள்ளுதல்

இயற்கை நீரில் மெலிதாக நிகழ்வதைத் தொட்டியில் வலிதாக நிகழ்த்த இயலுமா என்று அறிஞர் முயன்றனர். இரும்பு உப்பும் ஹைடிரஜன் பெராக்சைடும் கூடினால் கரிமப் பொருள்கள் விரைந்து சிதையும் என்பதை ஃபென்டன் என்னும் ஆங்கில வேதியலார் 1894-இல் கண்டிருந்தார். அதற்குக் காரணம் ஹைடிராக்சில் தனி உறுப்பே என்று ஹேபர், வைஸ் ஆகிய இருவர் 1934-இல் விளக்கினர். இக்கலவையின்மேல் வெயில் படுமாறு செய்தால், வினைபுரிந்து ஓய்ந்த இரும்பை ஒளி மீண்டும் வினைக்கு எழுப்புவதால் வேகம் பன்மடங்காகிறது. மற்றொரு வழி டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொடியால் ஆவது. சுவர்ப்பூச்சில் கலக்கும் பொடிதான் அது. ஒளிபட்ட அப்பொடி நீரையே பிரிக்கவல்லது என்று ஃபுஜிஷிமா, ஹோண்டா ஆகிய சப்பானிய அறிஞர்கள் 1972-இல் காட்டியபின், அதனைக் கொண்டு நீரிலுள்ள நஞ்சைச் சிதைக்கும் ஆய்வுகள் பெருகின.

இசுபெயின் நாட்டின் தென்கிழக்கிலுள்ள அல்மேரியா மாநிலம் இவ்வாய்வுகளுக்குப் பெயர்பெற்றது. ஏறத்தாழ 30,000 எக்டேர் பரப்பில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் காய்கறி விளையும் மாநிலம் அது. ஆகவே பூச்சிமருந்துக் கலன்களும் அங்கே மலைபோற் குவிகின்றன. காலிக் கலன்களைக் கழுவிய நீரை என் செய்வது என்னும் சிக்கலுக்கு, அம்மாநிலத்துக் கதிரவன் ஆற்றல் ஆய்வு நிலையம் விடை தேடியது. வளைந்த அலுமினியத் தகடுகளின் நடுவே கண்ணாடிக் குழாய்களை வைத்து, அவற்றுள் நஞ்சு கலந்த நீரை இரும்பும் பெராக்சைடும் சேர்த்துச் சுழலவிட்டு வெயில் காய்ச்சும் முறை அங்கே வளர்ந்தது.

இம்முறை ஆறுகளைத் தூய்மையாக்க உதவாது. நீரைப் புளிப்புள்ளதாக்க வேண்டும். பெராக்சைடுக்குச் செலவு உண்டு. ஓரிடத்தில் அடங்கிய, நஞ்சு செறிந்த சிறிதளவு நீருக்கே ஏற்றது. ஆனால் அல்மேரியா ஆய்வாளர் கைக்கொண்ட அளவுகோல் எங்கும் பின்பற்றத் தக்கது. தாய்ப்பொருள் மறைந்ததும் வேலை முடிந்ததென அவர்கள் நிறுத்தவில்லை. நீரில் கரிமம் இன்னும் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று அளந்தனர்; நீரில் வாழும் சிற்றுயிர்களை அதில் விட்டு அவை பிழைக்கின்றனவா என்றும் பார்த்தனர். மூலக்கூறு முற்றச் சிதைந்து கரியமில வாயுவும் நீரும் எளிய உப்புகளுமாக முடிவதே உண்மையான அழிவு. அந்நிலை வரும்வரை காத்தல் செலவு மிக்கதாயின், நுண்ணுயிர்கள் தின்னத்தக்க அளவுக்கேனும் உடைந்த பின்னரே நீரை அடுத்த தொட்டிக்கு விடலாம்.

அறிந்து கொள்ளத்தக்கது

கதிரவன் நீரைத் தூய்மை செய்கிறான் என்னும் நம்பிக்கை பொய்யன்று. ஆனால் அது பாதி உண்மை. ஒளி நேரே தாக்கும் நஞ்சு உண்டு. தனி உறுப்புகளால் தாக்கும் நஞ்சு உண்டு. களிமண்ணில் ஒளிந்து இரண்டுக்கும் தப்பும் நஞ்சும் உண்டு. சிதைவு நிகழ்வதற்குக் காலம் வேண்டும். ஆழம் குறைந்த நீர் வேண்டும். நீரின் இயல்பு இடங்கொடுக்க வேண்டும். சாக்ரமென்டோ உழவர்கள் செய்தது இந்தக் காலத்தை நீருக்கு வாங்கிக் கொடுத்ததேயாகும். மருந்தடித்த பம்பை ஓடையில் கழுவுபவர் அக்காலத்தைப் பறித்து, நஞ்சை முழு வலிவோடு கீழ்க்கரையாருக்கு அனுப்பிவிடுகிறார். கழுவிய நீரை மருந்தடித்த நிலத்திலேயே தெளித்துவிடும் பழக்கம் எளியது, செலவற்றது.

அரசும் ஆய்வாளரும் ஆற்றுநீரைச் சோதிக்கும்போது தாய்ப்பொருளின் பெயரோடு சேய்ப்பொருள்களின் பெயரையும் பட்டியலில் எழுதுவது இன்றியமையாதது. தேடாத பொருள் சோதனையில் அகப்படாது. அகப்படாததை இல்லாததென எண்ணிவிட்டால், பனியைக் கண்டவன் ஆவியை மறந்த கதையாகவே அது முடியும்.